சதுர அடிக்கு 70 ரூபாயா, 165 ரூபாயா? சாளைக்குத் தார் போடும் கணக்கு

காங்கேயம் பக்கம் தோட்டத்துச் சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில், குடியிருக்கும் ஒருவர் கேட்டிருந்தார். கேட்டிலிருந்து போர்டிகோ வரை 120 அடி நீளம், 10 அடி அகலத்துக்கு மண் தடம். மழை பெய்தால் சேறு, வெயிலடித்தால் புழுதி. தார் போட்டுவிடலாம் என்று இரண்டு பேரைக் கூப்பிட்டு விலை கேட்டிருக்கிறார். ஒருவர் சதுர அடிக்கு 70 ரூபாய் என்றாராம், இன்னொருவர் 165 ரூபாய். "ஒரே தார், ஒரே ரோலர். இத்தனை வித்தியாசம் எப்படிங்க வரும்? 165 கேக்கறவரு நம்மள ஏமாத்தறாருங்களா?"

நான் ரோடு கான்ட்ராக்டர்களிடம் சூப்பர்வைசராக 19 வருடம் வேலை பார்த்தவன். பெருந்துறையிலிருந்து உடுமலை வரைக்கும் சுற்றாத இட்டேரி, அதாவது தோட்டங்களுக்குப் போகும் வண்டித் தடம், இல்லை. அந்த அனுபவத்தில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: சதுர அடியில் பேசாதீங்க, டன்னில் பேசுங்க. சதுர அடி என்பது மேலே தெரியும் கறுப்பை மட்டும் அளக்கும். காசு போவதெல்லாம் கனத்திலும் அடியிலும்தான். அதைச் சதுர அடி காட்டிக்கொடுக்காது.

உங்கள் தடத்தையே எடுத்துக்கொள்வோம். 1,200 சதுர அடி என்பது கிட்டத்தட்ட 111.5 சதுர மீட்டர். உருட்டி முடித்த தார்க்கலவை ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 2.35 டன் இருக்கும். 40 மில்லிமீட்டர் கனம் வேண்டுமென்றால் உங்கள் வாசலுக்குப் பத்தரை டன் கலவை வந்தாக வேண்டும். 50 மில்லிமீட்டர், அதாவது இரண்டு அங்குலம் என்றால் 13 டன். 20 மில்லிமீட்டர் போதும் என்றால் ஐந்தேகால் டன்னிலேயே வேலை முடிந்துவிடும். மூன்றும் அன்று சாயங்காலம் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும், மினுமினுவென்று.

70 ரூபாய்க்காரரிடம் "எத்தனை இஞ்ச் போடுவீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "ஒரு இஞ்ச் தாராளமாப் போடுவோமுங்க" என்பார். பொய் இல்லை. ஆனால் அது விரிக்கும்போது இருக்கும் ஒரு அங்குலம். ரோலர் ஏறினால் கலவை ஐந்தில் ஒரு பங்கு அமுங்கிவிடும், நின்றது 20 மில்லிமீட்டர். அதனால் எப்போது கேட்டாலும் "உருட்டின பிறகு எத்தனை?" என்றே கேளுங்கள். நம்பிக்கை வரவில்லையா, கலவை சூடாக இருக்கும்போதே ஒரு மூன்றங்குல ஆணியை நாலைந்து இடத்தில் இறக்கி, நகத்தை வைத்து அளந்து பாருங்கள். ஓரத்தில் குத்தாதீங்க, நடுவில் குத்துங்க. ஓரத்தில் எல்லாரும் கனமாகத்தான் போடுவார்கள், கண்ணுக்குத் தெரியும் இடமல்லவா.

இனி 165 ரூபாய் எங்கே போகிறது என்று பார்ப்போம். கீழே வரும் விலைகள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் பக்கத்து விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். அளவு மட்டும் மாறாது.

முதலில் ஒன்பது அங்குலம் மண்ணை எடுக்க வேண்டும். ஜேசிபி ஐந்து மணி நேரம், மணிக்கு 1,300 ரூபாய் என்றால் 6,500. எடுக்கிற மண் ஒன்பது யூனிட் வரும், யூனிட் என்றால் 100 கன அடி. தோட்டத்திலேயே ஒரு பள்ளத்தில் தட்டிவிடலாம், லாரிச் செலவு மிச்சம். அடுத்து ஆறு அங்குலம் கிராவல். உருட்டினால் அமுங்கும் என்பதால் 600 கன அடிக்கு எட்டு யூனிட் இறக்க வேண்டும், யூனிட் 2,500 என்றால் 20,000. அதற்கு மேலே நாலு அங்குலம் வெட்மிக்ஸ், அதாவது பல அளவு ஜல்லியும் டஸ்ட்டும் தண்ணீர் விட்டுக் கலந்தது. அதுக்கு ஐந்து யூனிட், 4,500 வீதம் 22,500. ரோலர் அடித்தளத்துக்கு ஒரு நாள், தாருக்கு ஒரு நாள், போக்குவரத்தோடு 20,000. வெட்மிக்ஸ் மேலே அடிக்கும் எமல்ஷன், அதாவது தண்ணீரோடு கலந்த தார், சதுர மீட்டருக்கு முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை பிடிக்கும், 100 கிலோவுக்கு 6,000 வைத்துக்கொள்வோம். தார்க்கலவை பத்தரை டன், டன் 6,500 என்றால் 68,250. டிப்பர் வாடகை 8,000. விரிக்க, வார, ஓரம் கட்ட ஆள்கூலி 10,000. இதுவரை 1,61,250 ரூபாய். இரண்டு பக்கமும் 240 அடிக்குக் கான்கிரீட் ஓரம் கட்ட அடிக்கு 80 என்றால் இன்னொரு 19,200. ஆக 1,80,450. போட்டுக்கொடுப்பவருக்குப் பத்து சதவீதம் லாபம் வைத்தால் 1,98,000-ஐத் தொடும். அதை 1,200-ஆல் வகுத்துப் பாருங்கள், உங்கள் 165 வந்து நிற்கிறது.

அந்த மனுஷன் ஏமாற்றவில்லை. ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், ஜிஎஸ்டி சேர்த்தா, சேர்க்காமலா என்று. 18 சதவீதம் தனி என்றால் பில் 2,33,000-ஐத் தாண்டும். "பில்லு வேண்டாம்னா கொறச்சுக்கலாமுங்க" என்ற பேச்சும் கட்டாயம் வரும். பில் இல்லாத வேலையில் ஆறு மாதம் கழித்துப் பெயர்ந்தால் யாரிடம் போய் நிற்பீர்கள் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

மேலே உள்ள கணக்கில் இன்னொன்றைக் கவனித்தீர்களா? ரோலர், டிப்பர், ஆள்கூலி மூன்றும் சேர்ந்து 38,000. உங்கள் 1,200 சதுர அடிக்கு அது அடிக்கு 32 ரூபாய். இதையே கோயமுத்தூரில் சரவணம்பட்டிப் பக்கம் ஒருவர் தன் வீட்டு முன்னால் 400 சதுர அடிக்குப் போடச் சொன்னால், அதே ரோலர் வர வேண்டும், அதே டிப்பர் வர வேண்டும், அதே ஆட்கள் வர வேண்டும். அடிக்கு 95 ரூபாய் இதற்கே போய்விடும். அவருக்குத் தேவையான கலவை வெறும் மூன்றரை டன். அதற்காகத் தார்க்கலவை தயாரிக்கும் எந்தப் பிளான்ட்டும் அடுப்பு பற்ற வைக்காது. ஊரில் எங்காவது ரோடு வேலை நடக்கும் நாளில் ஒட்டிக்கொண்டால்தான் உண்டு. அதனால் ஆயிரம் சதுர அடிக்குக் கீழே இருந்தால் தார் பேச்சையே விட்டுவிட்டு, பேவர் பிளாக் பதித்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். உங்கள் இட்டேரியில் இன்னும் இரண்டு மூன்று சாளை இருந்தால், பங்காளிச் சண்டையை ஒரு வாரம் ஒத்தி வைத்துவிட்டு எல்லோரும் ஒரே நாளில் போட்டுக்கொள்ளுங்கள். நிஜமான சேமிப்பு அதில்தான் இருக்கிறது.

தாரைப் பற்றி ஒரு வார்த்தை. நாம் தார் என்று சொல்கிறோமே ஒழிய, இப்போது ரோட்டுக்கு வருவது தார் இல்லை. தார் நிலக்கரியிலிருந்து எடுப்பது. இது கச்சா எண்ணெயைச் சுத்திகரித்த பிறகு அடியில் மிஞ்சும் பிட்டுமன். எண்ணெய்க் கம்பெனிகள் மாதம் இரண்டு முறை இதன் விலையை மாற்றுகின்றன, அதனால் கொட்டேஷனுக்குப் பதினைந்து நாள்தான் ஆயுசு. கலவையில் எடைக்கு ஐந்து சதவீதம்தான் பிட்டுமன், மீதி 95 சதவீதம் நம்ம காரணம்பேட்டைப் பக்கத்துக் கல். உங்கள் பத்தரை டன்னில் அரை டன் சொச்சம் பிட்டுமன் இருக்கும். ஆனால் கலவை விலையில் முக்கால்வாசி ஏற்ற இறக்கம் அந்த அரை டன்னால்தான்.

பெட்ரோலியப் பொருள் என்பதால் அதற்கு ஒரு பலவீனம் உண்டு: டீசலும் இஞ்சின் ஆயிலும் பட்டால் கரையும். டிராக்டர் தினம் நிற்கும் இடத்தில் சொட்டுச் சொட்டாக விழுந்து, ஒரு வருடத்தில் காலால் கிளறினாலே ஜல்லி தனித்தனியாக வரும். நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கை ஒடித்தாலும் மேல்தோல் உரியும். ஆகவே உங்களுக்கு என் யோசனை, போர்டிகோவை ஒட்டிய கடைசி 20 அடிக்குத் தாரே போடாதீங்க. வண்டி நிற்பதும் திரும்புவதும் அங்கேதான். அங்கே கான்கிரீட்டோ 80 மில்லிமீட்டர் பேவரோ போட்டுவிட்டு, ஓடுகிற 100 அடிக்கு மட்டும் தார் போடுங்கள். சித்திரை வெயிலில் பைக்கின் சைடு ஸ்டாண்டு தாருக்குள் இறங்கும் தொல்லையும் இதிலேயே போய்விடும்.

முழுவதும் கான்கிரீட்டாகவே போட்டால் என்ன என்று அடுத்து கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஐந்து அங்குலம் கான்கிரீட் என்றால் 1,200 சதுர அடிக்கு 14 கன மீட்டர் சொச்சம். ரெடிமிக்ஸ் கன மீட்டர் 5,200 என்று வைத்தால் 74,000 பக்கம். தார்க்கலவைக்கு ஆன 68,000-க்குக் கிட்டத்தட்ட சமம். உங்கள் அளவுக்குச் செலவில் பெரிய மிச்சம் எதிலும் இல்லை. கான்கிரீட்டை ஒரு வாரத்துக்குக் குறையாமல் தண்ணீர் விட்டு நனைக்க வேண்டும், பத்துப் பன்னிரண்டு அடிக்கு ஒரு ஜாயின்ட் வெட்ட வேண்டும், வண்டி ஏற மூன்று வாரமாவது பொறுக்க வேண்டும். தாரில் மறுநாளே கார் ஏறலாம், நாளைக்கு ஒரு இடம் அமுங்கினாலும் வெட்டியெடுத்து ஒட்டுப்போட்டுக்கொள்ளலாம். நீளம் கூடக் கூடத் தாருக்குத்தான் லாபம். 300, 400 அடி இட்டேரி என்றால் நான் யோசிக்கவே மாட்டேன்.

இப்போது மண். இதில்தான் ஆட்கள் மோசம் போகிறார்கள். காங்கேயம் பக்கம் பெரும்பாலும் செம்மண்ணும் சரளையும். நல்ல காலம் உங்களுக்கு. மேலே சொன்ன பத்து அங்குல அடித்தளம் தாங்கும். இதே கணக்கைப் பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கத்துக் கரிசலில் போட்டால் போச்சு. கரிசல் மண் ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும். மேலே எத்தனை கனமாகத் தார் இருந்தாலும் அது கூடவே ஏறி இறங்கும்.

என் மச்சான் வீட்டுக் கதை இது. உடுமலைக்குத் தெற்கே கரிசக்காடு. ஒரு கான்ட்ராக்டர் ஆறு அங்குலம் கிராவலோடு தார் போட்டுக்கொடுத்தார். நான் அப்போது வெளியூர் வேலையில் இருந்தேன், கேட்கவும் ஆளில்லை. மாசியில் போட்டது. பார்க்க அரசாங்க ரோடே தோற்றுவிடும், அப்படி இருந்தது. ஐப்பசி மழை வந்தது, போனது, ஒன்றும் தெரியவில்லை. அடுத்த பங்குனியில் போய் நிற்கிறேன், இரண்டு ஓரத்திலிருந்தும் ஒன்றரை அடி உள்ளே தள்ளி, அளவுகோல் வைத்து இழுத்த மாதிரி நீளத்துக்கும் வெடிப்பு. விரலை விட்டேன், பாதி விரல் உள்ளே போனது. ஓரம் வெயிலில் காய்ந்து சுருங்கிவிட்டது, நடுவில் தாருக்கு அடியில் மட்டும் ஈரம் நின்றுவிட்டது. அதுதான் அப்படிப் பிளந்தது. போதாக்குறைக்கு அந்த வெடிப்பில் கோரை முளைத்திருந்தது. கோரைக்கிழங்கு மெல்லிய தாரைக் குத்திக்கொண்டே வெளியே வரும். தார் போடுவதற்கு முன்னால் மண்ணைக் கொத்திக் கிழங்கை எடுத்திருக்க வேண்டும். யாரும் எடுக்கவில்லை. மச்சான் என்னைப் பார்த்து, "ஏனுங்க மாப்பிள, நீங்க இத்தன வருசம் ரோடு போட்டு என்னத்தப் பாத்தீங்க?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

கரிசல் என்றால் ஒன்றரை அடியிலிருந்து இரண்டு அடி வரைக்கும் மண்ணை எடுத்துவிட்டுக் கிராவல் நிரப்ப வேண்டும். தாருக்கு வெளியேயும் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அடி கிராவல் தோள்பட்டை விட வேண்டும், ஓர ஈரம் உள்ளே வராமல் இருக்க. மண்ணைப் பார்ப்பது எளிது. கோடையில் தரை வெடிப்பு விட்டுக் கை நுழைந்தால் அது கரிசல்தான், ஆய்வுக்கூடம் தேவையில்லை.

தண்ணீர் ஓட்டம் சுருக்கமாக: பத்து அடி அகலத்துக்கு ஒரு பக்கமாக இரண்டரை அங்குலம் சாய்வு, தரையைவிட மூன்று அங்குலம் உயரம். தேங்கும் தண்ணீர் தாரைத் தின்றுவிடும். கேட்டுக்கு வெளியே உள்ள வடிகால் பள்ளத்தை மண் போட்டு மூடாதீங்க. குழாய் பதித்து மேலே போடுங்கள், அதற்கும் ஊராட்சியிலோ நெடுஞ்சாலைத் துறையிலோ கேட்டுக்கொண்டு போடுங்கள். ரோட்டு மட்டத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் மேலே புதிதாகப் போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு உத்தரவு போட்டார். அது நடக்கும் இடத்தில் ரோடு உயராது. நடக்காத இடத்தில் ஐந்து வருடத்தில் ரோட்டுத் தண்ணீர் உங்கள் கேட்டைத் தேடி வரும்.

அப்படிச் சுரண்டி எடுக்கும் தூள், மில்லிங் கழிவு என்பார்கள், ஏலத்திலோ கான்ட்ராக்டர் மூலமாகவோ முறைப்படி கிடைத்தால் விடாதீங்க. பிட்டுமன் ஒட்டிய ஜல்லி அது. வெட்மிக்ஸுக்குப் பதிலாக நாலு அங்குலம் விரித்து, நல்ல வெயிலில் உருட்டினால் தானாகவே கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். தோட்டத்து உள் தடங்களுக்கு அதுவே போதும், மேலே தார்கூட வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை. பக்கத்தில் ரோடு வேலை நடக்கும்போது சாயங்காலம் ஒரு டிப்பர் உங்கள் கேட்டில் நிற்கும். "அண்ணா, ரெண்டு டன் மிச்சமாயிருச்சு, பாதி விலைக்குத் தட்டிட்டுப் போறோமுங்க." எனக்கே வந்திருக்கிறது, நான் யாரென்று தெரியாமல். தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தேன், கட்டி கட்டியாக, மினுமினுப்பே இல்லாமல். கலவை பிளான்ட்டிலிருந்து 150, 160 டிகிரியில் கிளம்பும். விரிக்கும்போது 130-க்கு மேலாவது இருக்க வேண்டும், 90-க்கு இறங்குவதற்குள் ரோலர் வேலை முடிய வேண்டும். ஆறிப்போனதை எந்த ரோலராலும் இறுக்க முடியாது, முதல் மழையில் ஜல்லி ஜல்லியாகக் கழன்று வரும். அது போக, அந்தக் கலவை யாரோ ஒருவர் ரோட்டுக்குக் கணக்குக் காட்டிய பொருள். உங்கள் வாசலில் அது எதற்கு?

நல்ல வேலை நடக்கும் நாள் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். காலையில் வெட்மிக்ஸைக் கூட்டி, தூசி போக அடித்து, முந்தின நாள் அடித்த எமல்ஷன் பழுப்பிலிருந்து கறுப்பாக மாறியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். பழுப்பாகவே இருந்தால் இன்னும் தண்ணீர் போகவில்லை என்று அர்த்தம். டிப்பர் தார்ப்பாய் மூடி வரும். மேஸ்திரி அதன் பக்கவாட்டில் வெப்பமானிக் கம்பியைக் குத்திப் பார்ப்பார். நீலப் புகை வந்தால் கருகிவிட்டது, திருப்பி அனுப்பலாம். விரித்தவுடன் பின்னாலேயே ரோலர் வர வேண்டும். ரோலர்காரர் டீ குடிக்கப் போயிருந்தால் அன்றைய வேலை கெட்டது. ரோலர் உருளையில் ஒட்டாமல் இருக்கத் தண்ணீர் விடுவார்கள். சிலர் டீசல் துணியால் துடைப்பார்கள், அதை மட்டும் அனுமதிக்காதீங்க.

எழுதி வாங்க வேண்டியது அரைப் பக்கம்தான். உருட்டின பிறகு கனம் 40 மில்லிமீட்டர், பிட்டுமன் விஜி 30 என்ற தரம், கலவை எத்தனை டன், கிராவலும் வெட்மிக்ஸும் எத்தனை அங்குலம், சாய்வு எந்தப் பக்கம், வரி சேர்த்த தொகை. டிப்பர் வரும்போது எடைமேடைச் சீட்டை வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், காலி வண்டி எடையும் சேர்ந்தது. பத்தரை டன் சொன்ன இடத்தில் ஏழு டன் சீட்டு வந்தால் மீதிக் கதை அங்கேயே புரிந்துவிடும். பணம் மூன்று தவணை: அடித்தளம் உருட்டினதும் ஒன்று, தார் போட்டதும் ஒன்று, ஒரு மழை பார்த்த பிறகு கடைசியாகப் பத்து சதவீதம்.

இன்னொரு கேள்வியும் கேட்டிருந்தீர்கள், ஐப்பசிக்கு முன்னாலேயே அவசரமாக முடித்துவிடலாமா என்று. வேண்டாமுங்க. இப்போது மண்ணை எடுத்து, கோரையைக் கொத்தி, கிராவலை மட்டும் போட்டு உருட்டிவிடுங்கள். செலவும் இரண்டாகப் பிரியும். மழை முழுக்க அதன் மேலேயே டிராக்டரையும் காரையும் ஓட்டுங்கள். எங்கே சக்கரம் இறங்குகிறது, எங்கே தண்ணீர் நிற்கிறது என்று மழையே குறி போட்டுக் காட்டிவிடும். அந்த இடங்களில் ஒரு குச்சி நட்டு வையுங்கள். பொங்கல் கழிந்ததும் குச்சி நட்ட இடத்தில் ஒரு யூனிட் கிராவல் கூடப் போட்டு, வெட்மிக்ஸ் விரித்து, மாசி வெயிலில் 165 ரூபாய்க்காரரைக் கூப்பிடுங்கள்.